கடன் கொப்பியைக் கணனியில் எழுதப் பழகுவோம்

மடுல்சீமை பஜாரில் கடை வைத்திருப்பவனுக்கு மாதத்தில் ஒரே ஒரு நாள்தான் நாள். அது பத்தாம் திகதி, தோட்டத்தில் சம்பளம் போடுகிற நாள். அன்று விடிந்ததும் பட்டாவத்தைப் பக்கமிருந்தும் ரோபேரிப் பக்கமிருந்தும் சனம் இறங்கத் தொடங்கும். கடையில் மூன்று பேர் நின்றாலும் கை போதாது. ஒருவர் சாமான் நிறுக்க, ஒருவர் காசு வாங்க, முதலாளி மூலையில் இருந்து கடன் கொப்பியைப் புரட்டிக்கொண்டிருப்பார். பசறையிலும் லுணுகலையிலும் கடை வைத்திருக்கும் நமது சகோதரர்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சில வருடங்களுக்கு முன்னர் அப்படியான ஒரு பத்தாம் திகதி, நான் ளுஹர் தொழுகைக்குப் போயிருந்த நேரத்தில் மகன் கல்லாவில் இருந்தார். மேல் பிரிவில் இருந்து வரும் ஒரு அக்கா 8,500 ரூபா கட்டியிருக்கிறார். சனக் கூட்டத்தில் கொப்பி கைக்கு அகப்படவில்லை. மகன் ஒரு சவர்க்காரப் பெட்டி மட்டையைக் கிழித்து அதில் குறித்து லாச்சிக்குள் போட்டுவிட்டார். பிறகு மறந்தும்விட்டார். அடுத்த மாதம் அந்த அக்கா வந்தபோது பழைய பாக்கி என்று அதே 8,500ஐ நான் கேட்டேன். "நானா, நான் தம்பி கையில கட்டினேனே" என்றார். நான் கொப்பியைத் திருப்பிக் காட்டினேன். "இதில் இல்லையே அக்கா" என்றேன். பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்கத்தான் இதைச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் கையில் இருந்ததில் பாதியைக் கொடுத்துவிட்டுப் போனார். அதன் பிறகு கடைப் பக்கம் வரவில்லை.

ஐந்து மாதம் கழித்து, நோன்புக்கு முன்னர் கடையைத் துப்புரவு செய்யும்போது அந்த மட்டை லாச்சியின் அடியில் கிடந்தது. அன்று மாலையே லயத்துக்கு ஏறிப்போனேன். கொண்டுபோன காசை வாங்கிக்கொண்டார், தேத்தண்ணீரும் தந்தார். கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. ஒன்று மட்டும் சொன்னார். "கொப்பி உங்க கையில தானே நானா இருக்கு, நாங்க என்னத்தச் சொல்றது."

ஐம்பது வயதைத் தாண்டிய நான், சாதாரண தரத்தோடு படிப்பை விட்டவன், கணனியில் கணக்கு எழுதப் பழகியதற்கு அந்த ஒரு பேச்சுத்தான் காரணம். இந்த வாரம் அதைப் பற்றி எழுதுகிறேன். கணனி விற்பவர்கள் சொல்வதுபோல் 'வேகம், இலகு' என்று நான் எழுதப் போவதில்லை. முதல் ஆறு மாதம் எனக்கு அது வேகமாகவும் இருக்கவில்லை, இலகுவாகவும் இருக்கவில்லை.

மலையகத்தில் கடன் கணக்குக்கு ஒரு நீண்ட கதை உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் 'துண்டு' என்று ஒரு முறை இருந்தது. ஒரு தோட்டத்தை விட்டு வேறு தோட்டத்துக்குப் போக நினைக்கும் தொழிலாளியின் கடன் தொகையை ஒரு துண்டில் எழுதித் தருவார்கள். அந்தத் தொகையை யாராவது கட்டினால் அவர் விடுவிக்கப்படுவார். கடன் எப்போது வாங்கியது, எதற்கு வாங்கியது, எவ்வளவு கழிந்தது என்பதெல்லாம் எழுதியவர்களுக்குத்தான் வெளிச்சம். தொழிலாளிக்குத் தெரிந்தது கடைசி எண் மட்டும். அந்த முறை 1921இல் சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. நூறு வருடத்துக்குப் பிறகு நானும் அந்த அக்காவுக்கு ஒரு கடைசி எண்ணைத்தானே காட்டினேன் என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது.

நமது மார்க்கமும் இந்த விடயத்தைச் சும்மா விடவில்லை. சூரத்துல் பகராவின் 282ஆவது வசனம் முழுக் குர்ஆனிலும் நீளமான வசனம். அது கடனை எழுதி வைப்பதைப் பற்றியது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் எழுதுபவருக்கு வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் கடன் கொடுத்தவரல்ல, கடன்பட்டவர் என்று அதில் வருவதை நம்மில் எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்? நமது கடைகளில் நடப்பது நேர் மாறு. கொடுப்பவரும் நாமே, எழுதுபவரும் நாமே, வாசிப்பவரும் நாமே.

இனி விடயத்துக்கு வருவோம். நான் பழகியது எக்செல் என்ற மென்பொருள். இதைப் பாடசாலைப் புத்தகத்தில் விரிதாள் என்கிறார்கள். காசு கொடுத்து எக்செல் வாங்க முடியாதவர்களுக்கு லிப்ரே ஆபிஸ் என்ற இலவச மென்பொருளில் 'கல்க்' என்று ஒன்று இருக்கிறது. கைத்தொலைபேசியில் கூகுள் ஷீட்ஸ் இருக்கிறது. கடைக் கணக்குக்கு மூன்றும் ஒன்றுதான். ஒன்றில் பழகியவர் மற்றதில் அரை மணித்தியாலத்தில் வேலை செய்வார்.

விரிதாள் என்றால் என்ன? தோட்டத்து செக்ரோலைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்கவே தேவையில்லை. குறுக்கே போகும் நிரை ஒவ்வொன்றும் ஒரு ஆள். கீழே இறங்கும் நிரல் ஒவ்வொன்றும் ஒரு நாள். வேலைக்கு வந்தால் அந்தக் கட்டத்தில் பெயர் விழும். மாத முடிவில் கணக்கப்பிள்ளை கூட்டிப் பார்ப்பார். அதே கட்டங்கள்தான் கணனித் திரையிலும். கூட்டுவதற்கு மட்டும் கணக்கப்பிள்ளை தேவையில்லை, ஒரு கட்டத்தில் எண்ணைத் திருத்தினால் அதைச் சார்ந்த எல்லாக் கூட்டலும் தானாகத் திருந்தும்.

தானாகத் திருந்துவதுதான் இதன் பிறப்பே. 1978இல் அமெரிக்காவின் ஹார்வர்ட் வர்த்தகப் பாடசாலையில் படித்துக்கொண்டிருந்த டான் பிரிக்லின், கரும்பலகையில் கணக்கு அட்டவணை போட்டால் ஒரு எண் மாறியதும் மற்றவற்றையும் அழித்து அழித்து எழுத வேண்டியிருப்பதைப் பார்த்து இந்த யோசனைக்கு வந்தார். பொப் பிராங்ஸ்டனோடு சேர்ந்து அவர் செய்த விசிகல்க் 1979இல் விற்பனைக்கு வந்தது. பிறகு 1983இல் லோட்டஸ் வந்தது, 1985இல் எக்செல் வந்தது. அது முதலில் அப்பிள் மெக்கின்டோஷ் கணனிக்குத்தான். இரண்டு வருடம் கழித்தே விண்டோசுக்கு வந்தது.

நான் செய்த முதல் பிழையைச் சொல்கிறேன். கொப்பியில் இருந்ததை அப்படியே கணனியில் அடித்தேன். ஒரு குடும்பத்துக்கு ஒரு பக்கம். ஒரே கட்டத்துக்குள் 'அரிசி 10 கிலோ, பருப்பு 1, சீனி 2, மொத்தம் இவ்வளவு, 2,000 தந்தார்' என்று எல்லாவற்றையும் எழுதினேன். ஒரு மாதம் இரவிரவாக இருந்து அடித்தேன். முடிந்த பிறகு மொத்தம் எவ்வளவு வெளியே நிற்கிறது என்று பார்க்க முடியவில்லை. மகள் பார்த்துவிட்டுச் சிரித்தார். "வாப்பா, இது கொப்பியைப் படம் பிடிச்சு வச்ச மாதிரி. ஒரு கட்டத்துல ஒரு விசயம்தான் இருக்கணும்" என்றார். ஒரு மாத உழைப்பு வீண். ஆனால் எக்செல் பாடம் முழுவதும் அந்த ஒரு வசனத்துக்குள் இருக்கிறது.

எனவே முதலில் பழக வேண்டியது எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதல்ல. நமது கணக்கு எத்தனை விடயங்களால் ஆனது என்று பிரித்துப் பார்ப்பது. நான் இப்போது வைத்திருக்கும் நிரல்கள் ஏழு. திகதி, வாடிக்கையாளர் இலக்கம், பெயர், பொருள் விபரம், அளவு, கொடுத்த சாமானின் பெறுமதி, வந்த காசு. எல்லாக் குடும்பங்களும் ஒரே தாளில்தான். காலையில் ஒருவர் சீனி வாங்கினால் ஒரு வரி. பகல் இன்னொருவர் காசு கட்டினால் அதற்கு அடுத்த வரி. குடும்பத்துக்கு ஒரு பக்கம் என்ற பழக்கத்தை விடுவதுதான் நமக்கு மிகக் கஷ்டம். எல்லாம் கலந்து கிடக்கிறதே என்று மனம் பதறும். பதற வேண்டாம். 'ஃபில்டர்' என்பதை அழுத்தி 47ஆம் இலக்கம் என்று கொடுத்தால் அந்தக் குடும்பத்தின் வரிகள் மட்டும் வரிசையாக நிற்கும், மற்றவை மறைந்துகொள்ளும். 'சம்இஃப்' என்ற சூத்திரம் இன்னாருடையதை மட்டும் கூட்டு என்று சொல்வது. வாடிக்கையாளர் இலக்கங்களை இன்னொரு தாளில் எழுதி, பக்கத்தில் அந்தச் சூத்திரத்தை ஒரு தடவை போட்டு இழுத்துவிட்டால், ஒவ்வொருவருடைய பாக்கியும் எழுத எழுத மாறிக்கொண்டே இருக்கும்.

இலக்கம் ஏன் என்று கேட்பீர்கள். ஒரே தோட்டத்தில் ஒரே பெயரில் ஐந்தாறு பேர் இருப்பார்கள். அது மட்டுமல்ல, பெயருக்குப் பின்னால் தவறுதலாக ஒரு இடைவெளி விட்டு அடித்தாலும் கணனி அவரை வேறு ஆளாக நினைக்கும். அதனால் நானே ஒரு இலக்கம் கொடுத்துவிடுகிறேன். அடையாள அட்டை இலக்கத்தை எழுதப் போகாதீர்கள். அது நமக்குத் தேவையற்றது, கணனி களவு போனால் வீண் பிரச்சினை. மேலும் 2016 முதல் வரும் புதிய அட்டையில் 12 இலக்கம். அதை எக்செல் சாதாரணக் கட்டத்தில் விளங்காத சுருக்க எண்ணாகத்தான் காட்டும்.

இந்த மென்பொருளுக்கு இப்படியான குணங்கள் பல உண்டு. நம்மைக் கேட்காமல் தானாக உதவி செய்யப் பார்க்கும். அரைக் கிலோ என்பதற்கு நான் 1/2 என்று அடித்தேன். அது பெப்ரவரி முதலாம் திகதி என்று எடுத்துக்கொண்டது. நல்லவேளை, அன்றே கண்டுகொண்டேன். அரை என்றால் 0.5 என்று அடியுங்கள். தொலைபேசி இலக்கத்தின் முன்னால் உள்ள பூச்சியத்தை விழுங்கிவிடும். திகதியில் இன்னும் மோசம். கணனி அமெரிக்க முறையில் இருந்தால் மாதம் முன்னால், நாள் பின்னால். நாம் 05/03 என்று மார்ச் ஐந்தை அடித்தால் அது மே மூன்று என்று எழுதிக்கொள்ளும். 13/03 என்றால் பதின்மூன்றாவது மாதம் இல்லாததால் அதைத் திகதியாகவே எடுக்காது, வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். பாதித் திகதி பிழை, பாதி வெறும் எழுத்து. பிறகு எந்தக் கணக்கும் சரிவராது. வாங்கிய முதல் நாளே கணனியில் நாட்டை இலங்கை என்று மாற்றிவிட வேண்டும். ஒரு இலகுவான சோதனை இருக்கிறது. ஒழுங்கான திகதியும் எண்ணும் கட்டத்தின் வலப் பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்தாக எடுத்துக்கொண்டது இடப் பக்கம் நிற்கும். நிரலைக் கண்ணால் ஓட்டினாலே தெரிந்துவிடும்.

இதெல்லாம் நம்மைப் போன்ற பழகாதவர்களுக்கு நடப்பது என்று நினைக்க வேண்டாம். உயிரியல் விஞ்ஞானிகள் மரபணுக்களுக்கு வைத்த சில பெயர்களை எக்செல் திகதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், கடைசியில் 2020இல் அவர்கள் மரபணுக்களின் பெயரையே மாற்றிவிட்டார்கள். அதே வருடம் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார நிறுவனம் கொரோனா தொற்றாளர் விபரத்தைப் பழைய வகை எக்செல் கோப்பில் ஏற்றியது. அந்த வகைத் தாளில் 65,536 வரிகளுக்கு மேல் கொள்ளாது. மிஞ்சியவை சத்தமில்லாமல் விடுபட்டுப் போயின. கணக்கில் வராமல் போனவர்கள் 15,841 பேர். 2007க்குப் பிறகு வந்த எக்செலில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட வரிகள் உண்டு, நமது கடைக்குப் பல வருடம் காணும். ஆனாலும் வாரம் ஒரு தடவை, கல்லாவில் வந்த காசும் தாளில் உள்ள காசும் சரியா என்று கையால் ஒத்துப் பார்க்கும் பழக்கத்தை நான் விடவில்லை.

தமிழ் எழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் நாட்டில் தமிழில் அடிப்பவர்களில் பலர் இன்னும் பாமினியை விடவில்லை. பாமினியில் திரையில் தெரிவது தமிழ், ஆனால் கணனிக்கு உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்து. அகர வரிசைப்படி பெயர்களை அடுக்கு என்றால் அது ஆங்கில வரிசையில் அடுக்கும். யமுனா முதலில் வருவார், பிறகு நடராஜா, பிறகு கந்தையா. கேசவனும் மேரியும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பார்கள், காரணம் இரண்டிலும் முதலில் அடிபடுவது அந்தக் கொம்பு. கோப்பை வேறு கணனிக்குக் கொண்டுபோனால், அங்கே பாமினி இல்லாவிட்டால் எல்லாம் கிறுக்கல். எனக்கு இருநூறு பெயர்களைத் திரும்ப அடிக்க வேண்டி வந்தது. ஆரம்பத்திலேயே யுனிகோட் தமிழில் அடியுங்கள். இப்போது விண்டோசிலும் கைத்தொலைபேசியிலும் அது கூடவே வருகிறது, தனியாக வாங்க வேண்டியதில்லை.

இவ்வளவு பாடுபட்டு எனக்குக் கிடைத்தது என்ன? மொத்தக் கடன் எவ்வளவு என்பது கொப்பியிலும் ஓரளவு தெரியும். ஆனால் அது எவ்வளவு பழையது என்பது தெரியாது. ஒரு கடைக்கு 640,000 ரூபா வெளியே நிற்கிறது என்று வையுங்கள். அதில் 310,000 ஒரு மாதத்துக்கு உட்பட்டது, 140,000 இரண்டாம் மாதத்தது, 75,000 மூன்றாம் மாதத்தது, மிச்சம் 115,000 மூன்று மாதத்தைக் கடந்தது. முதல் தொகை பத்தாம் திகதி வந்துவிடும், அதற்குக் கவலை இல்லை. கடைசித் தொகைதான் நமது முதலை அரிப்பது. திகதி என்ற ஒரு நிரல் ஒழுங்காக இருந்தால், இன்றைய திகதியில் இருந்து அதைக் கழித்து இந்தப் பிரிப்பைக் கணனி செய்து தரும். கொப்பியில் இதைச் செய்ய இரண்டு நாள் கடையை மூட வேண்டும்.

2022இல்தான் இதன் பெறுமதியை நான் உணர்ந்தேன். அந்த வருடம் மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. செப்டம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண் முந்திய வருடத்தை விட 69.8 வீதம் ஏறியிருந்தது. ஒரு மூடை 5,000 ரூபாவாக இருந்தபோது நாம் 10,000 ரூபாவுக்குக் கடன் கொடுத்திருந்தால் அது இரண்டு மூடை. மூடை 8,500 ஆன பிறகு அந்த 10,000 திரும்பி வந்தால் ஒரு மூடையும் கொஞ்சமும்தான். வட்டி வாங்காத நமக்கு இதற்கு ஈடு ஒன்றும் இல்லை. அந்த நாளில் எத்தனையோ சிறு கடைகள் சாமான் விற்றுக்கொண்டே வெறுமையாகின. ஏன் வெறுமையாகிறது என்று பலருக்கு விளங்கவில்லை, ஏனென்றால் கொப்பியில் பாக்கி அப்படியே முழுசாக இருந்தது. நான் தாளைப் பார்த்து, மூன்று மாதத்தைக் கடந்தவர்களுக்கு அரிசி, மா, பருப்பு மட்டும் கடனில் கொடுப்பது, மற்றவை கைக்காசுக்கு என்று ஒரு ஒழுங்கு வைத்தேன். எல்லோருக்கும் ஒரேயடியாகக் கடனை நிறுத்தவில்லை. கஷ்டத்தில் இருப்பவருக்குத் தவணை கொடுக்கச் சொல்லும் வசனம் நான் மேலே சொன்ன வசனத்துக்கு இரண்டு வசனம் முன்னால்தான் இருக்கிறது. யார் கஷ்டத்தில் இருக்கிறார், யார் கடத்துகிறார் என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தாள் உதவியது. நோன்பு மாதத்தில் சகாத் கணக்குப் பார்க்கும்போதும் அப்படியே. வரக்கூடிய கடன் எவ்வளவு, வருமோ வராதோ என்று இருப்பது எவ்வளவு என்று தனித்தனியே எடுத்துக்கொண்டு போய் மௌலவியிடம் கேட்கலாம்.

'பிவட் டேபிள்' என்று ஒன்று இருக்கிறது. ஆயிரக்கணக்கான வரிகளை மாதவாரியாக, பொருள்வாரியாகச் சுருக்கித் தரும். ஆரம்பத்தில் தொட வேண்டாம், ஒரு வருடக் கணக்குச் சேர்ந்த பிறகு தொடுங்கள். எனக்கு அது காட்டித் தந்த ஒன்று: கச்சான் காற்று வீசும் மாதங்களில் கடன் ஏறுகிறது. ஊவாத் தேயிலைக்கு உலகத்தில் பெயர் அந்தக் காய்ந்த மாதங்களில்தான், கொழும்பு ஏலத்தில் நல்ல விலை போகும். ஆனால் மலையில் கொழுந்து குறைவு. கொழுந்து குறைந்தால் மேலதிகக் கிலோவும் இல்லை, கைக்காசும் இல்லை. இது எங்கள் வாப்பா காலத்திலேயே எல்லோருக்கும் தெரிந்த விடயம்தான். எவ்வளவு ஏறுகிறது என்பதுதான் தெரியாதிருந்தது. இப்போது அந்த மாதங்களுக்கு முன்னரே பதுளை மொத்தக் கடையில் தவணை பேசிக்கொள்கிறேன்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. எக்செல் பழகுவதற்கு முன்னரே நான் ஒரு கடை மென்பொருளைக் காசு கொடுத்து வாங்கி ஏமாந்தவன். விற்றவர் ஊர் பெயர் சொல்லாமல் விடுகிறேன். பில் அடித்தது, பார்கோட் வாசித்தது, எல்லாம் அழகு. இரண்டு வருடம் கழித்து ஒரு நாள் திறக்க மறுத்தது. கடவுச்சொல் அவரிடம், அவரது தொலைபேசி நிறுத்தப்பட்டிருந்தது. இரண்டு வருடக் கணக்கும் உள்ளேயே அடைபட்டுப் போனது. பெரிய கடைகளுக்கு அப்படியான விசேட மென்பொருள் தேவைதான், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. நூற்றுக்கணக்கான பொருள் வகை வைத்திருப்பவர், வற் வரிக்குப் பதிவு செய்தவர் அதற்குத்தான் போக வேண்டும். வற் பதிவுக்கான வருட விற்பனை எல்லை 2024 ஜனவரி முதல் 80 மில்லியனில் இருந்து 60 மில்லியன் ரூபாவுக்கு இறக்கப்பட்டது. 2026ஆம் வருட வரவு செலவுத் திட்டத்தில் அதை 36 மில்லியனாக்க முன்மொழிந்தார்கள். நடுத்தரக் கடைகளும் அந்த எல்லைக்குக் கிட்ட வந்துகொண்டிருக்கின்றன. ஆனால் வாங்கும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: என் கணக்கு முழுவதையும் எக்செல் கோப்பாக நானே வெளியே எடுக்க முடியுமா? முடியும் என்று சொன்னால் போதாது, கண் முன்னால் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

பிரதி எடுத்து வைப்பதையும் சொல்லாமல் விட முடியாது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவில் லயங்களே புதைந்த மாவட்டம் இது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழையில் பதுளை மாவட்டம் மறுபடியும் அடிபட்டது. உயிர்கள் போன இடத்தில் கடைக் கணக்கைப் பற்றிப் பேசுவது சிறிய விடயம். ஆனால் பிழைத்திருப்பவர்கள் அடுத்த மாதம் மறுபடியும் சாமான் வாங்க வேண்டும், கொடுக்க வேண்டும். கொப்பி ஒன்றுதான் இருக்க முடியும். கோப்பு எத்தனை இடத்திலும் இருக்கும். நான் இரவு கடை பூட்டும் முன்னர் ஒரு பென் டிரைவில் எடுத்துச் சட்டைப் பையில் போடுகிறேன், வெள்ளிக்கிழமைகளில் மகளின் மின்னஞ்சலுக்கும் அனுப்புகிறேன்.

இப்போது நான் ஆரம்பித்த இடத்துக்கு வருகிறேன். இவ்வளவும் எனக்காக ஒழுங்குபடுத்தியது. அந்த அக்கா சொன்ன பேச்சுக்கு இது மறுமொழி ஆகாது. கொப்பி என் கையில் இருந்ததுபோல இப்போது கணனி என் மேசையில் இருக்கிறது. உண்மையில் நிலைமை முன்னரை விட மோசமாகியிருந்தது. கொப்பியையாவது திருப்பிக் காட்டலாம். "கம்பியூட்டர் இப்படித்தான் சொல்லுது" என்று ஒரு தடவை என் வாயாலேயே ஒருவரிடம் சொல்லிவிட்டேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான் அச்சடித்துக் கொடுக்கத் தொடங்கினேன்.

சம்பளத்துக்கு மூன்று நாள் முன்னர், ஏழாம் திகதி, ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு துண்டு அச்சடிக்கிறேன். முழுத் தாளை நாலாக வெட்டினால் காணும். அச்சடிப்பதிலும் பழக வேண்டியது இருந்தது. முதல் மாதம் ஏழு நிரலையும் கட்டம் கட்டமாக, சிறிய எழுத்தில், மூன்று நிறத்தில் அச்சடித்துக் கொடுத்தேன். எனக்கு அழகாக இருந்தது. ஒருவரும் வாசிக்கவில்லை, மடித்து மடியில் வைத்துக்கொண்டு "எவ்வளவு நானா" என்றுதான் கேட்டார்கள். இப்போது நாலு நிரல்தான் அச்சில் வரும். திகதி, சாமான், எவ்வளவுக்கு வாங்கியது, எவ்வளவு கட்டியது. எழுத்துப் பெரிது. பழைய பாக்கி மேலே முதல் வரியில். கட்டிய காசு வரும் வரிகள் மட்டும் தடித்த எழுத்தில், ஏனென்றால் சனம் முதலில் தேடுவது தாங்கள் கட்டியது விழுந்திருக்கிறதா என்பதைத்தான். மொத்தப் பாக்கி கடைசியில். மையும் தாளும் சேர்ந்து மாதம் ஒரு செலவு வருகிறது. அதை நான் கணக்குப் பார்ப்பதில்லை.

சிலருக்கு இன்னும் சந்தேகம்தான். கணனி தானாகக் கூட்டிப் போட்டுவிடும் என்று ஒரு பெரியவர் சொல்லிக்கொண்டு திரிகிறார். அந்த அக்காவும் திரும்பி என்னிடம் கணக்கு வைக்கவில்லை, அவர் மருமகள் மட்டும் எப்போதாவது கைக்காசுக்குச் சாமான் வாங்க வருவார். நான் கேட்பதும் இல்லை.

ஆனால் போன மாதம் ஒன்பதாம் திகதி பின்னேரம், எட்டாம் வகுப்புப் படிக்கிற ஒரு பிள்ளை தன் பாட்டியைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தது. கையில் நான் கொடுத்த துண்டு. வரி வரியாகப் பென்சிலால் சரி போட்டிருந்தது. ஒரு வரியில் மட்டும் வட்டம். "இது ரெண்டு தரம் இருக்கு மாமா. அன்னைக்கு அஞ்சு கிலோ அரிசி ஒரு தரம்தான் வாங்கினோம்" என்றது. கணனியைத் திறந்து பார்த்தேன். ஒரே திகதி, ஒரே இலக்கம், ஒரே பொருள், அடுத்தடுத்த வரிகளில் இரண்டு தடவை. நான்தான் அடித்திருக்கிறேன். அந்த வரியை அழிக்கவில்லை. எழுதியதை அழிக்கக் கூடாது என்பது கொப்பிக் காலத்து ஒழுங்கு, அதைக் கணனியிலும் வைத்திருக்கிறேன். கீழே அன்றைய திகதியில் 'இருமுறை எழுதிய அரிசி கழிவு 1,150' என்று ஒரு புதிய வரி போட்டு, புதுத் துண்டு ஒன்றை அச்சடித்துப் பிள்ளையின் கையில் கொடுத்தேன். அது அங்கேயே நின்று கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனது.